ஒரு வண்டிக்கு இரண்டு டெல்கோ

வண்டி வைத்திருக்கிறவனுக்குத் தூக்கம் கெட வண்டி ஒன்றே போதும். ஜெயபாலுக்கு வண்டியோடு ஒரு மச்சானும் வாய்த்திருந்தான்.

வண்டி ஐம்பதுகளில் வந்த மாரிஸ் மைனர் கார். ஆவடியில் செத்துப்போன ஒரு டாக்டரின் ஷெட்டில் கோழிகள் அடைகிற கூடாகக் கிடந்தது. அதை ஜெயபாலும் அவன் பெண்டாட்டியின் தம்பி இக்னேஷியஸும் ஒரு லாரிக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி, கயிறு கட்டி இழுத்துவந்து மண்ணூர்பேட்டையில் தெருமுனைக் காலி மனையில் நிறுத்தினார்கள். வீடு இருந்த சந்துக்குள் அது நுழையாது. எதிரில் ஒரு சைக்கிள் வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. எண்பத்தெட்டாம் வருஷத்தில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்க்ரூ கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் கார் ஒரு கேடா என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். அவன் காரணம் அவனுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அவன் பெண்டாட்டி செலினுக்கு வலி கண்டது. தலைச்சன். ஜெயபால் ஆட்டோ தேடி ஓடினான். முழங்கால் தண்ணீரில் எவனும் வரமாட்டேன் என்றான். காலில் விழாத குறையாக ஒருத்தனைக் கூட்டிவந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. அதற்கப்புறம் அவன் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தபடியே தின்பான். ஒரு வண்டி இருந்திருந்தால், ஒரு வண்டி மட்டும் இருந்திருந்தால் என்று மண்டைக்குள் ஓயாமல் அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது செலினுக்கு மறுபடியும் மாசம் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை ஆட்டோவாவது மண்ணாவது! வலி கண்டதும் சாவியைத் திருப்ப வேண்டும், வண்டி கிளம்ப வேண்டும், பாடி, வில்லிவாக்கம் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்க வேண்டும். ஆண்டவரிடம் அவன் கேட்டது அவ்வளவுதான்.

ஆண்டவர் எல்லாம் கொடுத்தார். பிஸ்டனுக்கு வளையம் கிடைத்தது, கார்ப்பரேட்டர் கழுவிப் போட்டதும் வேலை செய்தது, டயர்கூட கிடைத்தது. டெல்கோ விஷயத்தில்தான் வைத்தார் ஆப்பு.

டெல்கோ என்றால் டிஸ்ட்ரிபியூட்டர். மெட்ராஸ் மெக்கானிக்குகள் வாயில் அந்த நீளப் பெயர் நுழையாது. என்ஜினில் இருக்கும் நாலு பிளக்குக்கும் முறைவைத்து, நேரம் பார்த்துத் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற சாமான் அது. பொறி கொஞ்சம் முந்தினால் என்ஜினுக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவது போல டக் டக் என்று சத்தம் வரும். பிந்தினால் இழுவை இருக்காது, நடுரோட்டில் மூச்சை விட்டுவிடும். டாக்டர் வண்டியில் இருந்த டெல்கோவுக்குள் கோழி எச்சம் போய் எல்லாம் பூத்துப்போயிருந்தது. அதைக் கையில் எடுத்ததுமே மூடி இரண்டாக விண்டுவிட்டது.

ஜெயபால் புதுப்பேட்டையில் ஒவ்வொரு காயலான் கடையாக ஏறி இறங்கி, அதே மாரிஸ் மைனரிலிருந்து கழற்றிய டெல்கோ ஒன்றைக் கண்டுபிடித்தான். இந்த என்ஜினுக்கென்றே பிறந்தது. ஆனால் நடுத்தண்டு தேய்ந்துபோய் லேசாக ஆடும்.

இக்னேஷியஸ் கொண்டுவந்தது அம்பாசிடர் டெல்கோ. உட்காரும் இடம் அச்சு அசலாகப் பொருந்தியது. தண்டு இறுக்கம், மூடி புதுசு. தெருவுக்குத் தெரு அம்பாசிடர் ஓடுகிற ஊரில் பாயிண்ட் போனாலும் கண்டென்சர் போனாலும் பெட்டிக்கடையில் சோடா வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் பெரிய என்ஜினுக்கு ஏற்றது. வேகம் கூடும்போது பொறியை எவ்வளவு முந்தவிடுவது என்கிற கணக்கு இந்தச் சின்ன என்ஜினுக்கு ஒத்துவராது.

"மாமா, ஆடுற பல்ல வெச்சிகினு கரும்பு கடிக்க சொல்றியா நீ?" என்றான் இக்னேஷியஸ்.

"அதுக்குன்னு அடுத்தவன் பல்ல கட்டிக்க சொல்றியாடா?" என்றான் ஜெயபால்.

இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், எதையாவது ஒன்றைப் போட்டு மூடித் தொலைத்திருக்கலாம் என்பேன். இரண்டும் ஓடும். ஆனால் இந்த இரண்டு பேரும் எஸ்டேட்டில் செட்டர்களாயிற்றே! அங்கேதான் வந்தது வினை.

செட்டர் என்றால் லேத்துக்கு அளவு வைத்துக் கொடுக்கிறவன். அந்த எஸ்டேட்டில் அவர்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறி உள்ளே வருகிற செட்டர் முதல் வேலையாக, போன ஷிப்ட்காரன் வைத்துவிட்டுப் போன அளவைக் கலைப்பான். மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் கலைப்பான். அடுத்தவன் வைத்த அளவில் ஓட்டினால் அவன் என்ன செட்டர்? எட்டு மணி நேரம் கழித்து அடுத்தவன் வந்து இவனுடையதைக் கலைப்பான். முதலாளிக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜெயபால் காலை ஷிப்ட், இக்னேஷியஸ் மதிய ஷிப்ட். கம்பெனியில் ஒரே மிஷினில் எத்தனையோ வருஷமாக ஒருத்தன் வைத்ததை ஒருத்தன் கலைத்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது காலி மனையிலும் அதையே ஆரம்பித்தார்கள்.

காலையில் ஜெயபால் வேலைக்குப் போன பின் இக்னேஷியஸ் வருவான். பானெட்டைத் திறப்பான். மாரிஸ் டெல்கோவைக் கழற்றி ஒரு பழந்துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அம்பாசிடரை மாட்டுவான். சிகரெட் தாளைக் கிழித்து, திறந்து மூடிப் பொறியை உண்டாக்குகிற பாயிண்ட் இடுக்கில் செருகி, தாள் எந்த இடத்தில் பிடிவிடுகிறதோ அங்கே டெல்கோவை நிறுத்தி போல்ட்டை முறுக்குவான். மத்தியானம் சங்கு ஊதியதும் அவன் போவான், ஜெயபால் வருவான். அம்பாசிடர் வெளியே, மாரிஸ் உள்ளே. மறுபடி ஒரு சிகரெட் தாள். இரண்டு பேருக்குமே சிகரெட் பழக்கம் கிடையாது; தாளுக்காகவே வாங்கிக் கிழித்தார்கள்.

ஆளுக்கொரு சாட்சியும் இருந்தது. மாரிஸ் டெல்கோ போட்டிருந்த ஒரு நாள் திருமுல்லைவாயலில் நடுரோட்டில் வண்டி படுத்துக்கொண்டது. பின்னால் வந்த பஸ்காரன் இக்னேஷியஸின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அம்பாசிடர் போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து செலினை உட்காரவைத்து வரும்போது பாடிப் பக்கம் ஒரு ஏற்றத்தில் டக் டக் என்று தட்டி, உதறி, நின்றேவிட்டது. நிறைமாசக்காரி இறங்கி ஓரமாக நிற்க, இரண்டு ஆம்பிளைகளும் தள்ளினார்கள். ஜெயபாலுக்கு அன்றைக்கு உயிரே போய்விட்டது. அந்த டக் டக் அவன் காதை விட்டுப் போகவே இல்லை. கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது, கோயிலில் பாட்டுக்கு நடுவிலும் கேட்டது.

"இன்னாதான்யா உன் பிரச்சன?" என்று ஒரு நாள் செலின் கேட்டாள். அவன் சோற்றுத் தட்டோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான். "ஒரு எடத்துல குந்தேன். உன்ன பாத்தாலே எனக்குத் தல சுத்துது."

"அந்த டெல்கோ..."

"டெல்கோவ தூக்கி ஒடப்புல போடு. காலெல்லாம் வீங்கிகினு கீது, செத்த நேரம் பக்கத்துல குந்தி புடிச்சி வுடலாமில்ல?"

"தோ வந்துட்டேன், ஒரே நிமிசம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்து மனைக்குப் போனவன், விளக்கு வைத்து எத்தனையோ நேரம் கழித்துத்தான் வந்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. மத்தியானச் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வாட்ச்மேன் உள்ளே வந்து, "ஜெயபாலு, உங்க ஊட்ல இருந்து ஆள் வந்து சொல்ட்டுப் போச்சி, உன் சம்சாரத்துக்கு வலியாம்" என்றதுதான் தாமதம், கையிலிருந்த ஸ்பேனரைக்கூட வைக்காமல் ஓடினான். எஸ்டேட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு ஓடுகிறவனைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

சந்து முதலில் வரும், காலி மனை அதற்கு அப்புறம். சந்து வாயில் பக்கத்து வீட்டு எல்லம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"யோவ் ஜெயபாலு! மொதல்ல ஊட்டாண்ட வாய்யா. அவ உன்னத்தான் கேட்டுகினு கீறா!"

"வண்டியோட வரேங்கா! தோ, வண்டியோட வந்துட்டேன்!" என்று நிற்காமல் கத்திக்கொண்டே தாண்டி ஓடினான்.

மனையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது! இக்னேஷியஸ் மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பியவன், சேதி தெரிந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பின்சீட்டில் தலையணையும் போர்வையும் போட்டு, பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே உட்கார்ந்திருந்தது அம்பாசிடர் டெல்கோ. என்ஜின் சோக்காக உறுமிக்கொண்டிருந்தது.

"மாமா, ஏறு. சந்து முனைக்கு வுடு, நான் அக்காவ கூட்டியாறேன்."

ஜெயபால் ஏறவில்லை. என்ஜின் மேல் குனிந்து காதைக் கொடுத்தான். ஆக்சிலேட்டர் கம்பியை விரலால் இழுத்தான். என்ஜின் எகிறியது. அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ ஆழத்தில், டக்.

"கேட்டியா?"

"இன்னாத்த கேக்கறது? ஒண்ணியுமில்ல. ஏறு மாமா!"

"தட்டுதுடா. ஏத்தத்துல நின்னுடும். அன்னிக்கி மாதிரியே நின்னுடும். நடுரோட்டுல அவள வெச்சிகினு நான் இன்னாடா பண்ணுவேன்?" பயம் ஒரு மனுஷனை என்னவெல்லாம் செய்யவைக்கும் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சாவியை எட்டித் திருப்பி, என்ஜினை நிறுத்திவிட்டான். "ரெண்டே நிமிசம். நம்மள்த மாட்டிடறேன்."

அந்த இடத்தில் இக்னேஷியஸ் சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். இரண்டு அறை வைத்திருந்தாலும் தப்பில்லை. அவனும் செட்டர்தானே! தன் செட்டிங்கில் கை வைத்ததும் அவனுக்கு அக்கா மறந்துபோனாள்.

"என் செட்டிங்ல இன்னா கொற கண்ட நீ? சொல்லு, இன்னா கொற?"

"தள்றா அப்பால."

கையிலேயே இருந்த ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, அம்பாசிடரை உருவி எறிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து மாரிஸை எடுத்துச் செருகினான். எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இன்றைக்குச் சிகரெட் தாள் பாயிண்ட்டுக்குள் போகமாட்டேன் என்றது, வியர்வையில் நனைந்து கிழிந்தது. இன்னொரு தாள். ஒருவழியாக மூடியை அழுத்தி, நாலு ஒயரையும் நாலு பிளக்கிலும் மாட்டி, ஓடிப்போய் சாவியைத் திருப்பினான்.

டமார்!

கார்ப்பரேட்டர் வாயிலிருந்து நெருப்பு ஒரு முழம் எகிறி அடங்கியது. வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டன.

"ஒயர மாத்திப் போட்டுகினு கீற! மூணாவது ஒயரு நாலாவதுக்குப் போயிருக்கு பாரு!"

"ஒயரெல்லாம் கரீட்டாதான் கீது. பாயிண்ட் கேப்பு தப்பு."

"ஒயரு மாமா!"

"பாயிண்ட்டுடா பேமானி!"

மறுபடி சாவி, மறுபடி டமார். இவன் பாயிண்ட்டை நகர்த்தினான், அவன் ஒயரைப் பிடுங்கினான். அவன் மாட்டியதை இவன் பிடுங்கினான். இரண்டு தலையும் பானெட்டுக்குள், இரண்டு பிட்டம் வெளியே. சங்கு ஊதியதுகூட அவர்கள் காதில் விழவில்லை. ஆள் நடமாட்டம் கூடி, குறைந்து, தெரு மறுபடி வெறிச்சோடியது. பேட்டரியும் கடைசியில் ம்ம் என்று முனகி அடங்கியது.

அப்போதுதான் ஜெயபால் நிமிர்ந்தான். வெயில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று? "இன்னும் அஞ்சே நிமிசம்னு அவகிட்ட சொல்ட்டு வந்துடறேன்" என்று சந்துக்கு ஓடினான்.

வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

பூட்டை இழுத்துப் பார்த்தான். கதவைத் தட்டினான். பூட்டிய கதவைத் தட்டுகிறோம் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நாகம்மா முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்:

"யாரத் தட்டுற? அவ போயி எம்மா நேரம் ஆச்சி. எல்லம்மா புருசன் மீன்பாடி வண்டியில மெத்தயப் போட்டு, பின்பக்க ரோட்டால இஸ்துகினு போனாங்க. நீ வர மாதிரி தெரியலன்னு அவளேதான் 'போலாங்கா'ன்னு சொன்னா."

மீன்பாடி வண்டி! பழைய ஸ்கூட்டர் என்ஜினைச் சைக்கிள் ரிக்ஷாவில் கட்டி, இரும்புக் கம்பி ஏற்றுகிற வண்டி. எல்லம்மா புருஷன் கன்னியப்பன் அதன் பிளக்கைக்கூட வருஷக்கணக்கில் துடைத்தது கிடையாது. ஜெயபால் காலி மனைக்குத் திரும்பிப் போகவில்லை. பின்பக்க ரோட்டுக்கு ஓடி, போகிற லாரிக்கெல்லாம் கை காட்டி, ஏதோ ஒன்றில் தொற்றி, பாடியில் இறங்கி பஸ் பிடித்து, பஸ் நெரிசலில் நிற்கிறபோதே இறங்கி, அயனாவரத்துக்கு ஓடினான். வழியெல்லாம் ஒரே வேண்டுதல். இரண்டையும் எடுத்துக்கொள்ளாதே மாதாவே, இரண்டையும் எடுத்துக்கொள்ளாதே.

வார்டு வாசலில் எல்லம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா ராசா? வண்டிய எங்க வுட்டுட்ட?" என்றாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே மனசு இளகினாள். "பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. போ உள்ள."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உள்ளே போனான். செலின் கட்டிலில் கண் மூடிக் கிடந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணிக்குள் சிவப்பாக ஒரு முகம். தொடக் கை நீட்டினான். கை முழுக்கக் கரி, எண்ணெய். பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மன்னிச்சிடு செலின். அந்த வண்டி மட்டும் ஒழுங்கா..."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"வண்டியப் பத்திப் பேசுன, கத்துவேன்."

அவன் கையைக் காக்கிச் சட்டையில் தேய்த்தான். கரி போகவில்லை.

"அன்னிக்கும் ஆட்டோ தேடிகினு போய்ட்ட" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "அது ஆட்டோவால போகலய்யா. ரெண்டு நாளு முன்னாடியே வயித்துக்குள்ள அடங்கிப்போச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்க. உன்ன நிக்க வெச்சுதான் சொன்னாங்க. நீ காதுல வாங்கல. வண்டி, வண்டின்னு நீயா ஒண்ண கட்டிகின. எனக்கு அன்னிக்கி இன்னா பயம் தெரியுமா? அந்த மழையில, ஊட்ல, தனியா கெடந்தேன் பாரு, அதான். இன்னிக்கும் சந்தாண்ட ஓடி வந்தியே, சத்தம் கேட்டிச்சி. உள்ள வருவன்னு பாத்தேன். தாண்டிப் போய்ட்ட."

ஜெயபாலுக்கு இரண்டு வருஷமாக மண்டைக்குள் அரித்துக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றுபோனது. நின்ற இடத்தில் அவமானம் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கரிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தான். அவளே அதை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளைப் படுக்கை விரிப்பில் கறை பட்டது. அவள் பொருட்படுத்தவில்லை.

பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில் வார்டு வாசலில் இக்னேஷியஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். நெற்றியெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் பல். எல்லம்மா அவனிடம் சேதியைச் சொல்லியிருக்க வேண்டும். அங்கிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் அடக்க மாட்டாமல், ரகசியம் போல, ஆனால் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்:

"மாமா! ஸ்டார்ட் ஆயிடிச்சி! வேற பேட்டரி மாட்னேன், ஒரே திருப்பு! ஏத்தத்துலகூட ஒரு சத்தமில்ல. கீழதான் ஓடிகினு கீது, வந்து கேளேன்!"

எந்த டெல்கோவைப் போட்டாய்? ஜெயபாலின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மாரிஸா, அம்பாசிடரா? ஒயரா, பாயிண்ட்டா? ஜன்னலுக்கு வெளியே, கீழே, அந்த என்ஜின் சீராக உறுமுவது அவனுக்கு இங்கேயே கேட்டது. செலின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிடியைத் தளர்த்தினாள்.

"போ. போயி கேட்டுட்டு வா. இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது."

ஜெயபால் போகவில்லை. அவள் தளர்த்திய கையை அவன் இறுக்கிக்கொண்டான். கால் மட்டும் கட்டிலுக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.